வக்கீல் நோட்டீசுக்கு கரடி படம் பதில்! படத்தை ஓசியில் கொடுத்து பிழைக்கும் கார்ட்டூன்காரர்கள்

'20 ஆயிரம் டாலர் எடுத்து வை. இல்லாவிட்டால் கோர்ட்டுக்கு வா' என்று மிரட்டி வக்கீல் நோட்டீசு வந்தது. கார்ட்டூன்காரர் பயப்படவில்லை. ஒரு கரடி படம் போட்டு பதில் அனுப்பினார்!

64 நிமிடத்தில் 20 ஆயிரம் டாலர் வந்து குவிந்தது. ஆனால் அதில் ஒரு காசு கூட நோட்டீசு விட்டவருக்கு போகவில்லை.

அமெரிக்காவில் உள்ள சியாட்டில் நகரில் 2012-ம் ஆண்டு ஜூன் மாதம் நடந்தது இது. இன்டர்நெட்டில் சொந்தமாக படக்கதை போட்டு பிழைப்பவர்கள் வட்டாரத்தில் இன்றும் இதைச் சொல்லிச் சொல்லி சிரிக்கிறார்கள். சிரிப்புக்கு பின்னால் ஒரு வயிற்றுப்பாட்டு பிரச்சினையும் இருக்கிறது.

விவரம் வருமாறு:-

பூனையும் நாயும்

சியாட்டில் நகரை சேர்ந்தவர் மேத்யூ இன்மேன். வெப்சைட் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருந்தவர். 2009-ம் ஆண்டு 'தி ஓட்மீல்' என்ற பெயரில் சொந்தமாக ஒரு வெப்சைட் தொடங்கி அதில் படக்கதை போட ஆரம்பித்தார்.

பத்திரிகை கிடையாது. மேலே ஆசிரியர் கிடையாது. மாதச்சம்பளமும் கிடையாது. பூனை, நாய், இலக்கணப்பிழை என்று கையில் அகப்பட்டதை எல்லாம் கேலி செய்தார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பார்க்க கட்டணம் இல்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த நிலையில் இவருடைய படங்கள் இன்னொரு வெப்சைட்டில் கும்பல் கும்பலாக கிடப்பது தெரிய வந்தது. வேடிக்கை படங்களை சேர்த்து வைக்கும் இடம் அது. வருகிறவர்கள் எங்கிருந்தாவது படத்தை கொண்டுவந்து போடுவார்கள். வெப்சைட்காரர்கள் பக்கத்தில் விளம்பரம் போட்டு காசு பார்ப்பார்கள். படம் போட்டவர் பெயர் பல படங்களில் இல்லவே இல்லை.

2011-ம் ஆண்டு இன்மேன் இதை பகிரங்கமாக எழுதி குமுறினார். அதோடு விஷயம் முடிந்தது போல இருந்தது.

மறு ஆண்டு ஜூன் மாதம் நோட்டீசு வந்தது. திருடு கொடுத்தவருக்கே நோட்டீசு! 'எங்கள் வெப்சைட்டை திருட்டு வெப்சைட் என்று எழுதி அவதூறு செய்துவிட்டீர்கள். எழுதியதை எடுங்கள். நஷ்டஈடாக 20 ஆயிரம் டாலர் அனுப்புங்கள்' என்பது அதன் சாராம்சம்.

கோர்ட்டு, வக்கீல் என்றால் தனி ஆள் பயந்து போவான். அதை நம்பித்தான் இப்படிப்பட்ட நோட்டீசுகள் போகின்றன.

64 நிமிடம்

இன்மேன் அந்த நோட்டீசை அப்படியே தன் வெப்சைட்டில் போட்டார். வரிக்கு வரி கிண்டலாக பதில் எழுதினார்.

வாசகர்களிடம் 20 ஆயிரம் டாலர் வசூல் செய்யப்போவதாகவும், அந்த பணத்தை போட்டோ எடுத்து நோட்டீசு விட்டவருக்கு அனுப்பப்போவதாகவும் அறிவித்தார். பணம்? அது வனவிலங்கு பாதுகாப்பு சங்கத்துக்கும், புற்றுநோய் சங்கத்துக்கும் போகும் என்றார்.

போட்டோவோடு ஒரு படமும் போகும் என்று சொல்லி அந்த படத்தையும் போட்டு காட்டினார். அதில் ஒரு கரடியும், எதிராளியின் அம்மாவும் இருந்தார்கள். மற்றதை இங்கே வர்ணிக்க முடியாது!

வசூல் தொடங்கிய 64-வது நிமிடம் 20 ஆயிரம் டாலர் சேர்ந்தது. முடிவில் 2 லட்சத்து 20 ஆயிரம் டாலரை தாண்டியது.

வக்கீலுக்கு கோபம் தாங்கவில்லை. ஜூன் 15-ந்தேதி கலிபோர்னியா பெடரல் கோர்ட்டில் வழக்கு போட்டார். இன்மேன் மீது மட்டும் அல்ல. வசூல் நடந்த கம்பெனி மீதும், பணம் வாங்கப்போகும் இரண்டு தர்ம சங்கங்கள் மீதும் வழக்கு! புற்றுநோய் சங்கத்தை கோர்ட்டுக்கு இழுத்தால் ஊர் சும்மா இருக்குமா? நாலாபக்கமும் இருந்து ஏச்சு பேச்சு. ஜூலை 3-ந்தேதி வக்கீல் தானாகவே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இன்மேன் சொன்னபடியே 2 லட்சத்து 11 ஆயிரம் டாலரை கட்டுக்கட்டாக அடுக்கி போட்டோ எடுத்தார்.

என்ன நஷ்டம்?

இங்கே யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். இவர் ஓசியில் கொடுக்கிற படம் தானே? அதை இன்னொருவன் எடுத்துப் போட்டால் இவருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் இருக்கிறது. இந்த தொழிலே அந்த இடத்தில் தான் நிற்கிறது.

பத்திரிகையில் படக்கதை போடுகிறவருக்கு அமெரிக்காவில் 'சிண்டிகேட்' என்ற புரோக்கர் கம்பெனி இருக்கிறது. ஒரே படத்தை நூற்றுக்கணக்கான பத்திரிகைகளுக்கு விற்று, வந்த காசில் பாதியை கம்பெனி எடுத்துக்கொண்டு மீதியை ஓவியருக்கு கொடுப்பது பழைய வழக்கம். படத்துக்கே காசு.

இன்டர்நெட் ஆசாமிக்கு அந்த வழி இல்லை. படம் வெறும் மிட்டாய் சாம்பிள். தின்று பார்த்தவன் கடைக்குள் வரவேண்டும். கடையில் பனியன் இருக்கும். புத்தகம் இருக்கும். பொம்மை, போஸ்டர், காப்பி கோப்பை இருக்கும். அதை வாங்கினால் தான் வீட்டு வாடகை.

படத்தின் அடியில் உள்ள பெயரும் வெப்சைட் விலாசமும் தான் கடைக்கு வழிகாட்டும் கைகாட்டி. அதை வெட்டி எறிந்துவிட்டு படத்தை மட்டும் பரப்பினால் லட்சம் பேர் சிரிப்பார்கள். ஒருவரும் கடைக்கு வரமாட்டார்கள்.

சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1998-ம் ஆண்டு அமெரிக்காவில் கொண்டுவந்த சட்டப்படி, சொந்தக்காரர் புகார் கொடுத்தால் வெப்சைட்காரர் அந்த படத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் அவர் தப்பித்துக்கொள்வார். மறுநாள் வேறொரு ஆசாமி அதே படத்தை மறுபடி போடுவான். மறுபடி புகார் எழுத வேண்டும். இப்படி புகார் எழுதிக்கொண்டே இருந்தால் படம் போடுவது எப்போது?

இன்மேனுக்கு யோகம் அடித்தது. 2015-ம் ஆண்டு இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து 'எக்ஸ்புளோடிங் கிட்டன்ஸ்' என்ற சீட்டு விளையாட்டை தயாரித்தார். 10 ஆயிரம் டாலர் கேட்டு முன்பணம் வசூலித்தார்கள். 2 லட்சத்து 19 ஆயிரம் பேர் சேர்ந்து 87 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். சீட்டில் இருந்தது அவர் ஓசியில் காட்டிவந்த அதே மாதிரி பூனைகள் தான்.

எல்லோருக்கும் பூனை வெடிக்காது.

கம்பி நீட்டிய கம்பெனி

அதே சியாட்டிலில் 'பென்னி ஆர்கேட்' என்ற படக்கதை பெயர் பெற்றது. மைக் கிராஹுலிக், ஜெர்ரி ஹோல்கின்ஸ் என்ற இரண்டு நண்பர்கள் 1998-ம் ஆண்டு நவம்பரில் தொடங்கினார்கள். வீடியோ விளையாட்டு பைத்தியங்கள் இருவரும். ஒருவர் எழுதுவார், ஒருவர் வரைவார்.

அந்த காலத்தில் விளம்பரம் தான் வருமானம். 'ஈபிரண்ட்' என்ற கம்பெனி பல வெப்சைட்டுகளை வளைத்துப்போட்டு 'நீங்கள் படம் போடுங்கள், விளம்பர காசு நாங்கள் வாங்கித் தருகிறோம்' என்றது. இவர்களும் சேர்ந்தார்கள்.

2001-ம் ஆண்டு மார்ச் மாதம் குட்டு வெளிப்பட்டது. கம்பெனி தலைவர் தன் ஆட்களோடு கம்ப்யூட்டரில் ரகசியமாக பேசியவை எல்லாம் அப்படியே வெளியே கசிந்தன. வெப்சைட்காரர்களுக்கு கொடுக்க வேண்டிய பணம் பற்றி உள்ளே என்ன பேச்சு நடந்தது என்பதை ஊரே படித்து சிரித்தது. கம்பெனி கவிழ்ந்தது.

அந்த தலைவர் பின்னால் பெரிய புள்ளி ஆனார். எந்த வகையில் என்றால், 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது' என்று பொய்யாக பயமுறுத்தி போலி மருந்து விற்ற மோசடியில்! 10 கோடி டாலர் மோசடி என்று 2010-ம் ஆண்டு சிகாகோவில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. அதற்குள் ஆசாமி தலைமறைவு.

நண்பர்கள் இருவரும் வாசகர்கள் கொடுத்த நன்கொடையில் காலம் தள்ளினார்கள். 2002-ம் ஆண்டு ராபர்ட் கூ என்பவர் மேனேஜராக வந்து சேர்ந்தார். விளம்பரத்தை நேரில் பேசி வாங்குவது, சாமான் விற்பது எல்லாம் அவர் பொறுப்பு. 2004-ம் ஆண்டு சியாட்டிலை அடுத்த பெல்வியூவில் விளையாட்டு ரசிகர்களுக்கு திருவிழா மாதிரி ஒரு கூட்டம் நடத்தினார்கள். 'பாக்ஸ்' என்ற அந்த திருவிழா வருடா வருடம் பெருத்து வேறு நகரங்களுக்கும் பரவியது.

படம் போட்டு கிடைக்காத காசு, படம் பார்க்கிற கூட்டத்தை ஒரு கூரையின் கீழ் கூட்டியபோது கிடைத்தது.

25 காசு திட்டம்

படம் பார்க்கவே காசு வாங்கினால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. பெட்டிக்கடையில் சில்லரை கொடுப்பது போல ஒரு கதைக்கு 25 சென்ட்.

ஸ்காட் மெக்கிளவுட் என்ற பிரபல படக்கதை ஆசிரியர் இதற்காக வாதாடினார். 2003-ம் ஆண்டு 'தி ரைட் நம்பர்' என்ற கதையை 25 சென்ட் விலைக்கு போட்டும் காட்டினார். பணம் வாங்கித் தர 'பிட்பாஸ்' என்ற கம்பெனி இருந்தது. 25 சென்ட் யாருக்கும் பெரிதில்லை. ஆனால் அதை கட்டுவதற்கு கணக்கு தொடங்கு, நம்பரை போடு என்றதும் ஆள் எழுந்து அடுத்த ஓசி படத்துக்கு போய்விட்டான். 2007-ம் ஆண்டு பிட்பாஸ் மூடப்பட்டது.

நேர் எதிராக செய்தவர்கள் பில் போக்லியோ, காஜா போக்லியோ தம்பதிகள். இவர்களும் சியாட்டில்வாசிகள் தான். 'கேர்ள் ஜீனியஸ்' என்ற படக்கதையை அச்சு புத்தகமாக விற்று வந்தார்கள். 2005-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தவணை புத்தகத்தை நிறுத்திவிட்டு, வாரம் 3 நாள் ஒவ்வொரு பக்கமாக இன்டர்நெட்டில் ஓசியில் போட ஆரம்பித்தார்கள்.

பைத்தியக்காரத்தனம் என்று தான் தோன்றும். ஆனால் ஓசியில் படித்தவர்கள் முழு தொகுப்பு புத்தகத்தை தேடி வந்து வாங்கினார்கள். விற்பனை கூடியதாக போக்லியோ பலமுறை கூறி இருக்கிறார். 2009, 2010, 2011 என்று தொடர்ந்து 3 ஆண்டு 'ஹியூகோ' பரிசும் இந்த கதைக்கு கிடைத்தது.

வம்புக்கு விட்ட சவால்

ராண்டி மில்ஹாலண்ட் என்பவர் கதை வேறு மாதிரி. ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே ராத்திரியில் 'சம்திங் பாசிட்டிவ்' என்ற படக்கதை போட்டவர். வேலை அதிகமானால் படம் தாமதமாகும். ஓசியில் படிக்கிறவர்கள் 'ஏன் லேட்டு?' என்று சண்டைக்கு வந்தார்கள். ஓசி வாசகனுக்கு தான் கோபம் ஜாஸ்தி!

2004-ம் ஆண்டு இவர் வெறுத்துப்போய் 'என் ஒரு வருட சம்பளத்தை நீங்கள் கொடுங்கள். வேலையை விட்டுவிட்டு தினமும் படம் போடுகிறேன்' என்று வம்புக்காக எழுதினார். கொடுக்க மாட்டார்கள், வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம்.

ஒரே மாதத்தில் 20 ஆயிரம் டாலருக்கு மேல் வந்து விழுந்தது. வேறு வழியில்லாமல் வேலையை விட்டார்!

காயம்பட்ட கை

இப்படி வாசகனிடம் நேராக கையேந்துவது பிறகு ஒரு முறையாகவே ஆகிவிட்டது. 'கிக்ஸ்டார்ட்டர்' என்ற வெப்சைட்டில் 'இன்ன புத்தகம் போடப்போகிறேன், இவ்வளவு பணம் வேண்டும்' என்று அறிவிக்கலாம். குறித்த தொகை சேர்ந்தால் தான் பணம் கைக்கு வரும். சேராவிட்டால் யாரிடமும் வாங்கமாட்டார்கள்.

குச்சி மனிதர்களை வைத்து 'ஆர்டர் ஆப் தி ஸ்டிக்' என்ற கதை போடுபவர் ரிச் பர்லூ. தீர்ந்துபோன பழைய புத்தகத்தை மறுபடி அச்சிட 2012-ம் ஆண்டு ஜனவரியில் 57 ஆயிரத்து 750 டாலர் கேட்டார். ஒரு மாதத்தில் 14 ஆயிரத்து 952 பேர் சேர்ந்து 12 லட்சத்து 54 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள்.

கோடீஸ்வரர் ஆகிவிட்டார் என்று ஊர் பேசியது. ஆனால் இது பரிசு சீட்டு பணம் அல்ல. ஒவ்வொருவருக்கும் புத்தகம், ஸ்டிக்கர், காந்த பொம்மை, தனிக்கதை என்று வாக்கு கொடுத்து வாங்கிய பணம். கிக்ஸ்டார்ட்டருக்கு 5 சதவீதம் போகும். கார்டு கம்பெனிக்கு ஒரு பங்கு. அச்சுக்கூலி, அட்டைப்பெட்டி, தபால் செலவு. வெளிநாட்டுக்கு அனுப்பும் கனமான புத்தகத்துக்கு தபால் செலவே கண்ணை பிதுக்கும்.

அதே ஆண்டு செப்டம்பரில் பர்லூவுக்கு கையில் பலத்த வெட்டுக்காயம் ஏற்பட்டது. படக்கதை நின்றது. 14 ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். வரைய வேண்டிய கை கட்டுப்போட்டு கிடக்கிறது!

ஆபீசில் வேலை பார்ப்பவனுக்கு மெடிக்கல் லீவு உண்டு. இவருக்கு யார் லீவு கொடுப்பது? அமெரிக்காவில் ஆஸ்பத்திரி பில் வேறு ஆளை விழுங்கிவிடும். முதலாளி கட்டும் இன்சூரன்சும் சொந்த தொழில்காரனுக்கு இல்லை. வாக்கு கொடுத்த கதைகளை அவர் வரைந்து முடிக்க வருடக்கணக்கில் ஆனது. அவருடைய வாசகர்கள் பொறுத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

35 சென்ட் கலாட்டா

2013-ம் ஆண்டு 'பேட்ரியான்' என்ற கம்பெனி வந்தது. மொத்தமாக வேண்டாம், மாதம் ஒரு டாலர், 2 டாலர் என்று பால்காரன் கணக்கு மாதிரி கொடுக்கலாம் என்றது. நிலையான மாத வருமானத்தையே பார்க்காத ஓவியர்களுக்கு இது பெரிய நிம்மதி. அடுத்த மாதம் இவ்வளவு வரும் என்று கணக்குப்போட்டு வாடகை வீடு பேச முடிந்தது.

2017-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அந்த கம்பெனி ஒரு குண்டை தூக்கிப்போட்டது. பணம் கொடுக்கும் வாசகரிடம் ஒவ்வொரு சந்தாவுக்கும் 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் கூடுதலாக வசூலிக்கப்படும் என்று அறிவித்தது.

100 டாலர் கொடுப்பவருக்கு இது ஒன்றும் இல்லை. ஆனால் 10 ஓவியர்களுக்கு தலைக்கு ஒரு டாலர் கொடுக்கிறவர் கதி என்ன? ஒவ்வொரு டாலரும் 1 டாலர் 38 சென்ட்டாக ஆகிவிடும். இப்படி ஒரு டாலர் வாசகர்கள் தான் சின்ன ஓவியர்களின் பிழைப்பு. அவர்கள் கூட்டம் கூட்டமாக சந்தாவை ரத்து செய்தார்கள். ஓவியர்கள் ஒருநாள் எழுந்து பார்த்தால் மாத வருமானத்தில் ஒரு துண்டு காணவில்லை. அவர்கள் செய்த தப்பு ஒன்றும் இல்லை.

எதிர்ப்பு கிளம்பியது. ஒரே வாரத்தில், டிசம்பர் 13-ந்தேதி, கம்பெனி மன்னிப்பு கேட்டு திட்டத்தை கைவிட்டது. போன வாசகர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை.

ஆரம்பத்தில் 5 சதவீதம் கமிஷன் வாங்கிய அந்த கம்பெனி, 2025-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் புதிதாக சேரும் ஓவியர்களிடம் 10 சதவீதம் என்று ஆக்கிவிட்டது.

கடனுக்காக சுரங்கம்

இந்த தொழிலுக்கு வருகிறவர்களில் பலர் வேறொரு வேலையில் நின்றுகொண்டு தான் வருகிறார்கள். கனடாவின் கிழக்கு கோடியில் கேப் பிரட்டன் தீவை சேர்ந்த கேட் பீட்டன் என்ற பெண், கல்லூரி படிப்புக்கு வாங்கிய கடனை அடைக்க 2005-ம் ஆண்டு ஆல்பர்ட்டா மாநில எண்ணெய் மணல் சுரங்கத்துக்கு வேலைக்கு போனார். வேலை, தொழிலாளர்களுக்கு கருவிகளை எடுத்துக் கொடுப்பது. சுற்றிலும் ஆண்கள். பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு தான்.

2007-ம் ஆண்டு சரித்திர புருஷர்களை கேலி செய்து 'ஹார்க்! எ வேக்ரன்ட்' என்ற பெயரில் இன்டர்நெட்டில் படம் போட ஆரம்பித்தார். 2011-ம் ஆண்டு அது புத்தகமாக வந்தது. சுரங்கத்தில் பெண்ணாக தான் பட்ட பாட்டை 'டக்ஸ்' என்ற படக்கதையாக 2022-ம் ஆண்டு வெளியிட்டார். பரிசுகள் தேடி வந்தன. கடன் வாங்கியதற்கும் இதற்கும் நடுவே 15 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

தீப்பிடித்த நாய்

படத்தின் அடியில் உள்ள பெயர் தான் சோறு என்றால், பெயர் போன படத்துக்கு நல்ல உதாரணம் தொப்பி போட்ட நாய்.

அறை முழுவதும் தீ. நாய் காப்பி கோப்பையோடு உட்கார்ந்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. கே.சி.கிரீன் என்பவர் 2013-ம் ஆண்டு ஜனவரியில் போட்ட படக்கதை அது. உலகம் முழுவதும் எந்த ரகளைக்கும் அந்த படத்தை எடுத்துப் போடுகிறார்கள். அதில் நூற்றுக்கு 90 பேருக்கு கிரீன் யார் என்று தெரிந்திருந்தால் ஆச்சரியம்!

2016-ம் ஆண்டு ஜூலை மாதம் குடியரசு கட்சியே எதிர்க்கட்சியை கிண்டல் செய்ய அந்த நாயை போட்டது. போட்டவரை யாரும் கேட்கவில்லை. கிரீன் கண்டித்தார். அடுத்த மாதமே நாய் தீயணைப்பு கருவியை எடுத்து ஆவேசமாக அணைப்பது போல வேறு படம் போட்டார்.

அதே ஆண்டு நாயை பஞ்சு பொம்மையாக செய்து விற்க கிக்ஸ்டார்ட்டரில் அறிவித்தார். 4 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஊரெல்லாம் ஓசியில் ஓடிய நாய், பொம்மையாக வந்து எஜமானுக்கு சோறு போட்டது.

திருடனை பிடித்த பனியன்

பொம்மையும் பனியனும் தான் கடைசி நம்பிக்கை என்றால், அதிலும் திருடன் கை வைத்தான்.

இன்டர்நெட்டில் ஒரு படத்தின் கீழ் 'இது பனியனில் வந்தால் வாங்குவேன்' என்று யாராவது ஆசையாக எழுதினால் போதும். அதை மோப்பம் பிடிக்க ஆள் இல்லாமல் கம்ப்யூட்டரே வேலை செய்கிறது. படத்தை அப்படியே சுருட்டி, பனியனில் பதித்து, விலை போட்டு விற்பனைக்கு வைத்துவிடும். போட்டவருக்கு காசும் இல்லை, தகவலும் இல்லை.

2019-ம் ஆண்டு டிசம்பரில் ஓவியர்கள் சேர்ந்து இதற்கு பொறி வைத்தார்கள். 'இந்த வெப்சைட் திருட்டு படம் விற்கிறது. இங்கே வாங்காதீர்கள்' என்ற வாசகத்தை எழுதி ஒரு ஓவியர் படமாக போட்டார். அதன் கீழே எல்லோரும் 'ஆகா, இது பனியனில் வேண்டும்' என்று எழுதி தள்ளினார்கள்.

சில மணி நேரத்தில் பொறியில் எலி விழுந்தது! 'இங்கே வாங்காதீர்கள்' என்று எழுதிய பனியனை அந்த கடைகளே விற்பனைக்கு வைத்திருந்தன.

இன்னும் ஒரு கில்லாடித்தனம் செய்தார்கள். டிஸ்னி கம்பெனியின் மிக்கி மவுசை வரைந்து, அதன் கீழும் 'பனியன் வேண்டும்' என்று எழுதினார்கள். தனி ஓவியருக்கு பயப்படாத திருடன் டிஸ்னி வக்கீல்களுக்கு பயப்படுவான் அல்லவா? அந்த பனியன்களும் கடையில் ஏறின. பிறகு அவசர அவசரமாக இறங்கின.

பெயரே பகை

இதுவரை படத்தை வைத்துக்கொண்டு பெயரை வெட்டினார்கள். இப்போது பெயரை வைத்துக்கொண்டு படத்தை உண்டாக்குகிறார்கள்.

சாரா ஆண்டர்சன் என்ற பெண் 2011-ம் ஆண்டு முதல் 'சாராஸ் ஸ்கிரிபிள்ஸ்' என்ற படக்கதையை இன்டர்நெட்டில் போட்டு வருகிறார். கலைந்த தலை, முட்டைக்கண், கோடு போட்ட சட்டை. அந்த உருவத்தை பார்த்ததும் இவர் படம் என்று சொல்லிவிடலாம். புத்தகங்கள் லட்சக்கணக்கானோர் கையில் இருக்கின்றன.

முதலில் ஒரு இனவெறி கூட்டம் இவர் படத்தில் உள்ள வசனத்தை அழித்துவிட்டு விஷமமாக எழுதி பரப்பியது. அதை சமாளிப்பதற்குள் செயற்கை அறிவு கம்ப்யூட்டர்கள் வந்தன. சாரா ஆண்டர்சன் என்ற பெயரை டைப் அடித்து இன்ன படம் வேண்டும் என்றால் அவர் பாணியில் கம்ப்யூட்டர் படம் போட்டுத் தருகிறது. அதற்கு பாடம் சொல்லிக்கொடுக்க பயன்படுத்திய 'லயான்' என்ற பட்டியலில் 500 கோடிக்கும் மேற்பட்ட படங்களின் விலாசங்கள் இருந்தன. தன் படங்களும் அதில் இருந்ததை கண்டதாக 2022-ம் ஆண்டு அவர் பத்திரிகையில் எழுதினார்.

2023-ம் ஆண்டு ஜனவரி மாதம் கெல்லி மெக்கர்னன், கார்லா ஓர்டிஸ் என்ற இரண்டு ஓவியர்களோடு சேர்ந்து சான் பிரான்சிஸ்கோ பெடரல் கோர்ட்டில் வழக்கு போட்டார். 'ஸ்டெபிலிட்டி', 'மிட்ஜர்னி', 'டீவியன்ட்ஆர்ட்' என்ற 3 கம்பெனிகள் எதிர் தரப்பு.

அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி வில்லியம் ஓரிக் வழக்கின் பெரும்பகுதியை தள்ளினார். மற்ற இருவரும் தங்கள் படங்களை அரசாங்க காப்பிரைட் ஆபீசில் பதிவு செய்யவில்லை என்பதால் அவர்களுடைய காப்பிரைட் புகார் நிற்கவில்லை. ஆண்டர்சன் 16 தொகுப்புகளை பதிவு செய்து வைத்திருந்தார். அந்த ஒரு காகிதம் தான் வழக்கை உயிரோடு வைத்தது.

நவம்பரில் புகாரை திருத்தி மறுபடி தாக்கல் செய்தார்கள். மேலும் 7 ஓவியர்கள் சேர்ந்து 10 பேர் ஆனார்கள். அவர்களில் ஜூலியா கேய், ஆடம் எல்லிஸ் என்ற இரண்டு பேர் இன்டர்நெட் படக்கதைக்காரர்கள். எதிர் தரப்பில் 'ரன்வே' என்ற கம்பெனியும் சேர்க்கப்பட்டது.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதே நீதிபதி காப்பிரைட் புகாரை விசாரணைக்கு அனுமதித்தார். எந்தெந்த படத்தை கம்ப்யூட்டருக்கு தீனி போட்டார்கள் என்ற கணக்கை கம்பெனிகளிடம் கேட்டு வாங்க ஓவியர்களின் வக்கீல்களுக்கு இதனால் வழி பிறந்தது.